ஞாயிற்றுக்கிழமைக் கறியும் மற்ற ஆறு நாள் சாப்பாடும்

கேள்வி: காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பும் கொஞ்சம் புன்செய் நிலமும் வைத்திருக்கிறோம். என் கணவருக்கு வயது 56. ஐந்து மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். ஓசூரில் வேலை பார்க்கும் என் மகன், கறி, முட்டை, மீன், பால், எண்ணெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுக்கத் தாவர உணவுக்கு மாறினால் அடைப்பு தானாகக் கரைந்துவிடும், மாத்திரைகளையும் படிப்படியாக நிறுத்திவிடலாம், நூறு வயது வரை இருக்கலாம் என்கிறான். ஆட்டுக்கால் சூப்பும் கறியும் இல்லாமல் உடம்பு தேறாது என்கிறார் என் மாமியார். இத்தனைக்கும் நாங்கள் கறி எடுப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். யார் சொல்வதைக் கேட்பது? அவர் ஒரு வாரம் சாப்பிட்டதையும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும் எழுதி இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

ஒரு வாரச் சாப்பாட்டை வேளைவாரியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். டீக்கடையில் குடித்த டீயைக்கூட விடாமல் குறித்திருக்கிறீர்கள். உணவியல் ஆலோசகராக எனக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. தாவர உணவு இதயத்துக்கு நல்லதா என்று பொதுவாகக் கேட்டிருந்தால் ஆம் என்று சொல்லி முடித்திருப்பேன். உங்கள் கணவரின் ஒரு வாரத்தைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் வாரத்தில் ஆறு நாள் அவர் சாப்பிடுவது ஏற்கெனவே தாவர உணவுதான். அந்த ஆறு நாள் சாப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஏழாம் நாள் கறியை மட்டும் நிறுத்தினால் அவருடைய இதயத்துக்குப் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை.

அதற்குள் போவதற்கு முன் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஸ்டென்ட் என்பது இதயத்தின் ரத்தக் குழாய்க்குள் விரித்து வைக்கப்படும் மெல்லிய உலோக வலை. குழாயின் உட்சுவர் அதன் மேல் முழுமையாகப் படர்ந்து மூடும் வரையில், ரத்தத் தட்டணுக்கள் அந்த உலோகத்தில் ஒட்டி ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து இருந்துகொண்டே இருக்கும். ஆஸ்பிரினும், அதனுடன் தரப்படும் க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் மாத்திரையும் அந்த உறைதலைத் தடுப்பதற்காகத் தரப்படுபவை. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வழக்கமாக ஓராண்டு வரை இரண்டையும் சேர்த்துத் தருவார்கள், அதன் பிறகும் ஒன்றைத் தொடரச் சொல்வார்கள். எந்தக் கீரையும் எந்தக் கஞ்சியும் அந்த வேலையைச் செய்யாது. ஐந்தாவது மாதத்தில் இருக்கும் ஒருவர் தாமாகவே இவற்றை விட்டால், ஸ்டென்ட் திடீரென்று முழுவதுமாக அடைபட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் வகை மாத்திரைக்கும் இதையேதான் சொல்வேன். உணவை மாற்றி எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு குறைந்தால் அந்த மாத்திரையின் பலன் கூடுமே தவிர, அதன் தேவை போய்விடாது. எந்த மாத்திரையின் அளவையும் மாற்றும் உரிமை உங்கள் இதய மருத்துவருக்கு மட்டுமே உண்டு என்பதை மகனிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

மகன் சொல்வதற்கு ஆதாரமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. அடைப்பு கரையும் என்ற பேச்சுக்கு மூலமாக இருப்பவற்றில் முக்கியமானது, டீன் ஆர்னிஷ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1990ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. அதில் கலந்துகொண்ட இதய நோயாளிகள் 48 பேர். ஒரு பிரிவினர் கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவுக்கு மாறினார்கள். அதோடு புகையை நிறுத்தி, நாள்தோறும் உடற்பயிற்சியும் மன அமைதிக்கான பயிற்சியும் செய்தார்கள். ஓராண்டுக்குப் பின் அவர்களின் சராசரி அடைப்பு 40 சதவீதத்திலிருந்து 37.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. வழக்கமான சிகிச்சையிலேயே இருந்தவர்களுக்கு அது 42.7லிருந்து 46.1ஆகக் கூடியிருந்தது. கூட வேண்டிய ஒன்று கூடாமல் சற்றே குறைந்தது என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் அந்தக் குறைவு 2.2 சதவீதப் புள்ளிதான் என்பதையும், அதை உணவு மட்டும் தனியாகச் சாதிக்கவில்லை என்பதையும் மறந்துவிட்டு ‘அடைப்பு கரைந்துவிடும்’ என்று சொல்வது நோயாளியை ஏமாற்றுவதாகும். அந்த ஆய்வின் உணவிலேயே முட்டையின் வெள்ளைக்கருவும், நாளைக்கு ஒரு கோப்பை கொழுப்பு நீக்கிய பாலோ தயிரோ அனுமதிக்கப்பட்டிருந்தன. பி12 வைட்டமினும் மாத்திரையாகத் தரப்பட்டது.

அந்த ஆய்வுக்குப் பிறகு லட்சக்கணக்கானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் வந்துவிட்டன. இங்கிலாந்தில் 48,000 பேரைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. கறி சாப்பிடுபவர்களோடு ஒப்பிட்டால் சைவ உணவுக்காரர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் 22 சதவீதமும், கறியை விட்டு மீன் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு 13 சதவீதமும் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் சைவ உணவுக்காரர்களுக்குப் பக்கவாதம் 20 சதவீதம் கூடுதலாக இருந்ததை மட்டும் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இதற்கு பி12 போன்ற சில சத்துகளின் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது, 2017இல் அமெரிக்காவில் செவிலியர்கள், பல் மருத்துவர்கள் உள்ளிட்ட இரண்டு லட்சம் சுகாதாரத் துறையினரின் உணவைப் பிரித்துப் பார்த்த ஆய்வு. தாவர உணவு என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாமல், முழுத்தானியம், பருப்பு, காய், பழம், கொட்டைகள் ஆகியவற்றை ஒரு பக்கமும், தீட்டிய மாவு, சர்க்கரை சேர்த்த பானம், உருளைக்கிழங்கு, இனிப்பு ஆகியவற்றை இன்னொரு பக்கமும் வைத்து அவர்கள் கணக்கிட்டார்கள். முதல் வகையை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் அபாயம் 25 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டாம் வகையை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 32 சதவீதம் கூடுதலாக இருந்தது. இரண்டு வகையுமே சைவம்தான் என்பதை உங்கள் மகன் கவனிக்க வேண்டும்.

இப்போது உங்கள் கணவரின் சாப்பாட்டுக்கு வருவோம். விடிந்ததும் இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீ, அதைப் போலவே பொழுது சாய்வதற்குள் இன்னும் நான்கு டீ. காலையில் ஆறு இட்லி, பெரும்பாலும் தேங்காய்ச் சட்னியோடு. மதியம் தட்டு நிறையச் சோறு, குழம்பு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், வீட்டு மாங்காய் ஊறுகாய். மாலையில் இரண்டு போண்டா அல்லது நாலைந்து நிப்பட்டு. இரவில் மறுபடியும் சோறு. ஏழு நாளில் கீரை ஒரே ஒரு வேளை. சாம்பாரில் கரைந்த பருப்பைத் தவிர வேறு பயறு எதுவும் இல்லை. பழம் இரண்டு நாள், அதுவும் வாழைப்பழம். டீயில் போகும் சர்க்கரை மட்டுமே நாளைக்கு 50 கிராம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான ஒருவருக்கு வகுத்திருக்கும் உச்ச வரம்பே ஏறக்குறைய அவ்வளவுதான், அதில் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது என்றும் அது சொல்கிறது. சர்க்கரை நோயாளி ஒருவர் வேறெந்த இனிப்பும் தொடாமல் டீயிலேயே அந்த வரம்பை எட்டிவிடுகிறார்.

இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு 2025இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியர்கள் நாள்தோறும் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை ஆகியவற்றிலிருந்து வருகிறது. தேவைக்கு மேல் வரும் இந்த மாவுச்சத்தைக் கல்லீரல் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. உங்கள் கணவரின் அறிக்கையில் டிரைகிளிசரைடு 248, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.9. இந்த இரண்டு எண்களுக்கும் முக்கியக் காரணம் ஞாயிற்றுக்கிழமைக் கறி அன்று. இரண்டு வேளைச் சோறும் காலை இட்லியும் ஐந்து டீயும்தான். எல்டிஎல் 82 என்று இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டும் 82 என்றால், மாரடைப்பு வந்தவருக்கு அது இன்னும் இறங்க வேண்டும். 70க்குக் கீழே கொண்டுவருவது குறைந்தபட்ச இலக்கு, 55க்குக் கீழே என்று பல இதய மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

எல்டிஎல்லை இறக்குவதில் தாவர உணவுக்கு உண்மையான வலு உண்டு. கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அந்தப் பித்தநீரைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் தயாரிக்கிறது. வேலை முடிந்ததும் அதில் பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவிடும். கொள்ளு, மொச்சை, வெண்டைக்காய், ஓட்ஸ் போன்றவற்றில் இருக்கும் வழவழப்பான கரையும் நார்ச்சத்து அந்தப் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. இழந்த பித்தநீரை மறுபடி தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. கறிக்கொழுப்பு, நெய், பாமாயில் ஆகியவற்றிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. எல்டிஎல்லை இழுக்கும் கல்லீரலின் திறனையே அது குறைத்துவிடுகிறது. ஆகவே ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும்போதுதான் பலன் முழுமையாகக் கிடைக்கும். கறியை எடுத்த இடத்தில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தால் இந்த வேலை நடக்காது, ஒரு கிண்ணம் கொள்ளுக் கடைசலை வைத்தால் நடக்கும்.

கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் இருப்பவர்கள் இதற்காக வெளியூர்ப் பொருள் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் விஷயம். உங்கள் மாமியார் இளமையில் சாப்பிட்ட களி, அவரைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு, கீரைக் கடைசல், வேர்க்கடலை எல்லாமே மேலே சொன்ன ஆய்வுகள் நல்லவை என்று கணக்கிட்ட வகையைச் சேர்ந்தவை. ஆனால் கேழ்வரகைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. களி சர்க்கரையை ஏற்றாது என்று பலரும் நம்புகிறார்கள், அது சரியன்று. நூறு கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் 67 கிராம் இருக்கிறது. அரிசியைவிட அதைச் சிறப்பாக்குவது, நூறு கிராமில் சுமார் 11 கிராம் நார்ச்சத்தும் 350 மில்லிகிராமை ஒட்டிய சுண்ணாம்புச் சத்தும்தான். நைசாக அரைத்துச் சலித்த மாவில் அந்த நாரில் ஒரு பகுதி சல்லடையிலேயே நின்றுவிடுகிறது. போதாததற்கு, நம் ஊரில் அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு அதில்தான் மாவைப் போட்டுக் கிண்டுகிறோம். களியை மெல்லாமல் விழுங்குவதால் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதும் தெரிவதில்லை.

எனவே களியை இப்படிச் செய்து பாருங்கள். சலிக்காத மாவாக, சற்றே கொரகொரப்பாக அரைத்து வாங்குங்கள். நொய்க்குப் பதிலாகச் சாமையை ஒன்றிரண்டாக உடைத்து, இரண்டு கைப்பிடி மட்டும் வேகவிடுங்கள். சித்தேரி மலையிலும் அரூர் வட்டாரத்திலும் விளையும் சாமை நம் சந்தைகளில் கிடைக்கும். வெளேரென்று தீட்டியதை விட்டு, லேசான பழுப்பு நிறத்தில் இருப்பதை வாங்குங்கள். கிண்டி இறக்கியதும் உருண்டை பிடிப்பதற்கு முன், ஒருவருக்கு 60 கிராம் மாவு என்ற கணக்கில் ஒரு சிறு கிண்ணத்தால் அளந்து எடுங்கள். அந்தக் கிண்ணத்தை மாற்றாதீர்கள். களியின் அளவுக்குக் குறையாமல் பக்கத்தில் கடைசலும், அதே அளவுக்கு அவரைக்காயோ முள்ளங்கியோ கத்தரிக்காயோ இருக்க வேண்டும். மதியம் ஒரு வேளை இந்தக் களி என்று வைத்துக்கொண்டால், இரவுச் சோற்றை ஒரு கிண்ணமாகக் குறைப்பதும் எளிதாகிவிடும். தருமபுரி மாவட்டத்தில் 2023ஆம் ஆண்டு முதல் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. உங்கள் பக்கம் சந்தையில்தான் வாங்க வேண்டியிருக்கும் என்றாலும், புன்செய் நிலம் வைத்திருக்கும் உங்களுக்கு அது பெரிய சுமையாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழம், 85 கிராம் பருப்பு வகை அல்லது முட்டை, இறைச்சி, 35 கிராம் கொட்டைகளும் விதைகளும், 250 கிராம் தானியம், 300 மில்லி பால் அல்லது தயிர், 27 கிராம் எண்ணெய் என்று வகுத்திருக்கிறார்கள். உங்கள் கணவரின் தட்டில் காய்கறி இதில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதைத்தான் முதல் மாதத்தின் ஒரே வேலையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மாலைப் போண்டாவுக்குப் பதிலாக வேகவைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி அல்லது சுண்டல் ஒரு கிண்ணம் கொடுங்கள். டீயை நாளைக்கு இரண்டாகக் குறைத்துச் சர்க்கரை இல்லாமல் கொடுங்கள். முதல் பத்து நாள் முகம் சுளிப்பார், பிறகு நாக்கு பழகிவிடும்.

எண்ணெய் அறவே கூடாது என்று மகன் சொல்வதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த பிரெடிமெட் ஆய்வில், காய்கறியும் பருப்பும் மிகுந்த உணவோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ தாராளமாகச் சேர்த்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் சுமார் 30 சதவீதம் குறைந்தன. அதற்காக ஆலிவ் எண்ணெய் வாங்க வேண்டாம், நம் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் போதும். அவற்றில் நிறைவுற்ற கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். ரேஷன் பாமாயிலில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு, தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில். இரண்டும் தாவர எண்ணெய்கள்தான், ஆனாலும் உங்கள் கணவருக்கு ஏற்றவை அல்ல. பாமாயிலை வாங்காமல் விட முடியாத நிலை இருந்தால், அவருக்குச் சமைக்கும் தாளிப்புக்கு மட்டுமாவது கடலை எண்ணெயைப் பயன்படுத்துங்கள். மூன்று பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது இரண்டரை லிட்டரில் முடிய வேண்டும். காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கும் கடைப் பலகாரம், பேக்கரி பஃப்ஸ், நிப்பட்டு ஆகியவற்றைத் திருவிழா நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலை நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பி12 வைட்டமின் இயற்கையாகத் தாவர உணவில் கிடைக்காது. பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் கிடைக்கும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு பி12 உடலில் ஏறுவதும் குறைகிறது. ஏழு ஆண்டுகளாக அந்த மாத்திரையில் இருப்பவர் பாலையும் முட்டையையும் ஒரே நாளில் விட்டால் கால் மரத்துப்போவது, தள்ளாட்டம், மறதி, ரத்தசோகை என்று வேறு தொல்லைகள் வரும். சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்று நினைத்து அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. நம் பகுதிக்கு மட்டும் உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். சுண்ணாம்புச் சத்து குறைந்த உணவோடு அந்த நீரைக் குடிப்பவர்களுக்கு எலும்பும் மூட்டும் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன. எனவே குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை மட்டுமே எடுங்கள், தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். உங்கள் வீட்டு மாட்டுப் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஆடையை முழுவதும் எடுத்துவிட்டுத் தயிராக்கி, நாளைக்கு இரண்டு டம்ளர் மோராகக் கொடுங்கள், உப்பு மட்டும் சேர்க்க வேண்டாம். எடுத்த ஆடையை நெய்யாக்கி அவர் தட்டிலேயே ஊற்றிவிடாதீர்கள்.

உங்கள் மாமியாரின் கவலையை நான் மதிக்கிறேன். மாரடைப்பிலிருந்து எழுந்த மகன் இளைத்துவிடக் கூடாது என்று ஒரு தாய் நினைப்பதில் தவறில்லை, புரதம் வேண்டும் என்று அவர் சொல்வதும் சரி. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்கு 50 கிராம் புரதம் தேவை. ஆனால் ஆட்டுக்கால் சூப்பில் அந்தப் புரதம் மிகக் குறைவு, மேலே மிதப்பது கொழுப்பு, சுவைக்காகச் சேர்வது உப்பு. நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம் இருப்பதை அவரிடம் எடுத்துச் சொல்லி, சூப் கொடுக்க விரும்பும் நாளில் கொள்ளை வேகவைத்த தண்ணீரில் பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப்போட்டு ரசம் வைத்துத் தரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்குப் பதிலாக கிருஷ்ணகிரி அணை மீனைக் குழம்பாக வைக்கலாம், வறுக்க வேண்டாம். வாரத்தில் ஓரிரு நாள் மீனும், நாளைக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவும் அவருடைய இதயத்துக்குக் கெடுதல் செய்யாது. அவரே விரும்பிக் கறியையும் மீனையும் முழுவதுமாக விட்டால் நான் தடுக்க மாட்டேன், பி12 மாத்திரை மட்டும் கட்டாயம். மாதத்தில் ஒரு நாள் விருந்துக்குப் போய்க் கொழுப்பில்லாத கறி இரண்டு துண்டு சாப்பிட்டால் அதை வீட்டில் பெரிய குற்றமாக்கவும் வேண்டாம்.

மாந்தோப்புக்காரர் வீட்டில் மாம்பழத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 200 கிராம் சதையுள்ள ஒரு பழத்தில் 25 முதல் 30 கிராம் வரை சர்க்கரை இருக்கும். பருவத்தில் அரைப் பழம், முற்பகல் நேரத்தில், சோற்றோடு சேராமல் சாப்பிடலாம். கூழாகவோ சாறாகவோ வேண்டாம். மாங்காய் ஊறுகாயால் சர்க்கரை ஏறாது, ஆனால் அதிலுள்ள உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும். உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி என்பதற்குள் ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாமே அடங்க வேண்டும்.

நூறு வயது பற்றிய கேள்விக்கு வருகிறேன். கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் 73,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட முடிவில், சைவ உணவுக்காரர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட 12 சதவீதம் குறைவாக இருந்தது. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2022இல் போட்ட ஒரு கணக்கின்படி, மேற்கத்திய உணவை விட்டுப் பருப்பும் முழுத்தானியமும் கொட்டைகளும் மிகுந்த உணவுக்கு 60 வயதில் மாறுபவருக்கும் ஆயுள் எட்டு ஆண்டுகள் வரை கூடலாம். இது மனிதர்களை வைத்து நடத்திய சோதனை அன்று, பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. ஆனாலும் 56 வயதில் மாறி என்ன பயன் என்று உங்கள் கணவர் கேட்டால் அவருக்கு இது நல்ல பதில். அந்த அட்வென்டிஸ்ட் மக்களில் பெரும்பாலோர் புகைப்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏனென்றால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், ‘பீடியை இரண்டு மூன்றாகக் குறைத்துவிட்டார்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்த வரி அதுதான். இதய நோய் வந்த பிறகு புகையை முற்றிலும் நிறுத்துபவர்களுக்கு இறப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2003லேயே காட்டியிருக்கிறார்கள். நான் மேலே எழுதிய உணவு மாற்றம் எதுவும் தனியாக இதற்கு ஈடாகாது. நாளைக்கு ஒரு பீடிகூட ரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கவும் தட்டணுக்களை ஒட்டவைக்கவும் போதும். மூன்று பீடி என்பது குறைந்த அளவு அன்று. மகனுக்கு அப்பாவின் ஆயுள் மேல் உண்மையான அக்கறை இருப்பது தெரிகிறது. முட்டையையும் மோரையும் நிறுத்தச் செலவிடும் பிடிவாதத்தை அவர் இதில் காட்டட்டும்.

மாற்றத்தைத் தொடங்குவதற்கு முன் சில ஏற்பாடுகள் வேண்டும். சோற்றையும் சர்க்கரையையும் ஒரேயடியாகக் குறைக்கும்போது, கிளிமிபிரைடு சாப்பிடுபவருக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். ஆகவே மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, தேவைப்பட்டால் அந்த மாத்திரையின் அளவை அவரே குறைக்கட்டும். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி உங்கள் மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் அளந்து தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்காமல் இளநீர், வாழைப்பழம், கீரை ஆகியவற்றை நாள்தோறும் அளவுக்கு மீறிக் கூட்ட வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், ராமிபிரில், டெல்மிசார்ட்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம்தான் சேர்த்திருக்கும், அதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

இப்போது ஒரு முறை பி12, கிரியேட்டினின், பொட்டாசியம், வைட்டமின் டி ஆகியவற்றையும், பன்னிரண்டு வாரம் கழித்துக் கொழுப்பு அளவுகளையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பாருங்கள். அந்த முடிவுகளோடு, அந்த வாரத்துச் சாப்பாட்டையும் இதே போல வேளைவாரியாக எழுதி அனுப்பினால், அடுத்து எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று பார்க்கலாம். இடையில் நெஞ்சில் அழுத்தமோ, இடது கையிலோ தாடையிலோ பரவும் வலியோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால் வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீரோ பெருங்காயமோ கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளை அங்கேயே வைத்திருக்கிறார்கள். அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை மட்டும் கையோடு எடுத்துப்போக மறக்காதீர்கள்.